உப்புக் காற்றில் எஃப்.ஐ. வண்டி பற்றவில்லையா: ஸ்கேனர் வாங்கலாமா, மல்டிமீட்டர் வாங்கலாமா?

செல்ஃப் போட்டால் என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பற்றுவதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு மண்டபம், பாம்பன், கீழக்கரை வட்டாரத்தில் ஓடும் புது பைக், ஸ்கூட்டர்கள் அநேகமாக எல்லாமே எஃப்.ஐ.தான், அதாவது கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் வண்டிகள். சோக்கை இழுத்து, கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதிய பழைய வைத்தியம் இதில் எடுபடாது. வீட்டில் ஒரே ஒரு கருவி வைத்துக்கொள்வதென்றால், வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைவிட, வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர்தான் இந்தக் கரைக்குச் சரி என்பேன்.

கருவியை எடுக்கும் முன் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட், பெட்ரோல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வண்டி கீழே விழுந்திருந்தால் சாவியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். வண்டி சாய்ந்ததும் என்ஜினை நிறுத்தும் சாய்வு சென்சார் அப்போதுதான் விடும்.

ஸ்கேனர் சும்மா இல்லை. செல்ஃப் போடும்போது ஆர்.பி.எம். பூஜ்யத்திலேயே நின்றால், என்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரோ அதன் ஒயரோ போய்விட்டது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விட்டுவிட்டு வரும் கோளாறையும் அது நினைவில் வைத்திருக்கும். ஆனால் பி0201 என்று காட்டினால் அதற்கு ‘இன்ஜெக்டர் சர்க்யூட்டில் கோளாறு’ என்றுதான் பொருள். இன்ஜெக்டர் போய்விட்டது என்று பொருளில்லை. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு புது இன்ஜெக்டருக்குப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்கை) கழற்றி இன்ஜெக்டரின் இரண்டு பின்னுக்கு நடுவே ஓம் அளந்து பாருங்கள். இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் 10 முதல் 14 ஓமுக்குள் இருக்கும். இருந்தால் இன்ஜெக்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் நன்றாக இருக்கிறது, குற்றம் அநேகமாக கப்ளரிலோ ஒயரிலோதான்.

இங்கே பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வாடைக் காற்றில் வடகடலும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் தென்கடலும் மாறி மாறி உப்பைத் தூவுகின்றன. பின்னால் மீன் பெட்டி கட்டும் வண்டியில் ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒயர்களில் இறங்குகிறது. கப்ளரைப் பிரித்தால் பின்னின் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஒயரின் உறையைச் சற்றே விலக்கினால் செம்பு கறுத்து, நாலைந்து இழைகள்தான் மிஞ்சியிருக்கும்.

ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டரின் பஸ்ஸர் ‘பீப்’ என்று கத்தும். அதை நம்பாதீர்கள். பெட்ரோல் பம்ப் இழுக்கும் கரண்ட்டை அந்த ஒற்றை இழை தாங்காது. அதனால் பம்போ செல்ஃபோ கரண்ட் இழுத்து ஓடும்போதுதான் வோல்ட் அளக்க வேண்டும்.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். செல்ஃப் போடும்போது 10-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பேட்டரி முழுசாகச் செத்தால் பல வண்டிகளில் கிக்கர் உதைத்தும் பயனில்லை, பம்புக்கும் வண்டியின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்கும் கரண்ட் வேண்டும்.

அடுத்து எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை பெயின்ட் இல்லாத என்ஜின் உலோகத்திலும் வைத்து செல்ஃப் போடுங்கள். 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, லக்கையும் (ஒயர் முனையில் இருக்கும் வளையம்) அது உட்காரும் இடத்தையும் எமரித் தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

பிறகு பம்ப். சாவி போட்டதும் இரண்டு மூன்று வினாடி மட்டும் அது ஓடும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் பம்பின் இரண்டு ஒயருக்கு நடுவே அளக்க வேண்டும். மீட்டர் நிலைக்காவிட்டால் சாவியை அணைத்துப் போட்டு மறுபடி பாருங்கள். பேட்டரியில் 12.4, பம்பில் 10 என்றால் 2.4 வோல்ட்டை வழியில் ஏதோ தின்கிறது. பியூஸ் கால், ரிலே, கப்ளர் என்று வரிசையாகத் தேடிப் பிடிக்கலாம்.

களிம்புக்கு கான்டாக்ட் கிளீனரும் நைலான் பிரஷ்ஷும் போதும். பின்னை எமரியால் தேய்த்தால் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் அரிக்கும். கப்ளரைக் கழற்றும் முன் சாவியை அணைத்துவிடுங்கள்.

ஸ்கேனரில் இன்னொரு சங்கடம், அதை மாட்டுவதும் வண்டியின் ஒரு கப்ளரில்தான். அதிலும் இதே உப்பு. பல வண்டிகளுக்கு 6 பின் மாற்று ஒயர் தனியாக வேண்டும். நாலைந்து வண்டி வைத்திருப்பவர் இரண்டையும் வாங்கலாம்.

பெட்ரோலில் கலந்த தண்ணீரை இரண்டு கருவியுமே காட்டாது. இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை இருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வோல்ட் எல்லாம் சரி, பிளக்கில் பொறியும் வருகிறது, ஆனாலும் பற்றவில்லை என்றால், டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்க் முழுவதையும் வடிக்க வேண்டியதுதான்.