மதமதத்த காலுக்கு பி12: ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துப் பார்த்ததில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி12 வைட்டமின் எனக்கு வேலை செய்தது. கைவிரல் மதமதப்பு ஏறக்குறைய போய்விட்டது, நடையில் இருந்த தள்ளாட்டம் இல்லை. கால் பெருவிரல் நுனிகள் மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. ராத்திரி போட்டுக் காலையில் பலன் பார்க்கிற மருந்து இது இல்லை.

எனக்குச் சர்க்கரை பழைய சொத்து. ஆரம்பத்திலிருந்தே அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை. வீடு சைவம், முட்டைகூட வாசப்படி தாண்டாது. இந்த இரண்டும் சேர்ந்த ஆளுக்கு பி12 குறைந்தால் ஆச்சரியமே இல்லை. கறி, மீன், முட்டை, பால் வகைகளில்தான் அது இருக்கிறது; எங்கள் திருநெல்வேலி சொதிக் குழம்பில் எத்தனை காய் போட்டாலும் கிடையாது. இட்லி மாவு புளித்தால் வந்துவிடும் என்பார்கள், அதை நம்பி இருக்க முடியாது. பாலும் தயிரும் கொடுக்கிற கொஞ்சத்தையும் குடல் முழுசாக உறிஞ்சவிடாமல் மெட்ஃபார்மின் தடுக்கிறது. வருஷக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஈரலில் சில வருஷத்துக்கான இருப்பு இருப்பதால் குறைவது சீக்கிரம் தெரியாது.

குறைந்தது தெரிய வந்தபோது, செருப்பு கழன்றதைக்கூட என் கால் உணரவில்லை. வண்ணாரப்பேட்டையில் பின்னால் வந்த பையன், "அண்ணாச்சி, செருப்ப விட்டுட்டுப் போறீய" என்று கூப்பிட்டான். முகம் கழுவக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்கணும். பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தார், அதிர்வே தெரியவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னார், சாய்ந்தேன். ரத்தத்தில் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 130 பிகோகிராம். பொதுவாக 200க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறார்கள்.

முதலில் ஊசி. ஒன்றுவிட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. மருந்து செக்கச்செவேல் என்று இருக்கும். உள்ளே கோபால்ட் இருக்கிறது, உலோகம் உள்ள ஒரே வைட்டமின் இதுதான். ஊசி குறையக் குறைய மெத்தில்கோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்தான்) 1500 மைக்ரோகிராம் மாத்திரை. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியதே சுமார் 2 மைக்ரோகிராம், எதற்கு இத்தனை என்று கேட்டேன். இவ்வளவு பெரிய அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு போலத்தான் தானாக உள்ளே போகுமாம். அப்படிப் பார்த்தாலும் தேவைக்கு மேலேதான்.

மருந்துக்கடையில்தான் சிரிப்பு. "இதுல எல்லாமே இருக்கு அண்ணாச்சி, ஆல்ஃபா லிபோயிக், பி6, ஃபோலிக், அம்புட்டும்" என்று விலை கூடின அட்டையை நீட்டினார். "எனக்குக் கொறஞ்சது ஒண்ணுதான அண்ணாச்சி" என்று வெறும் மெத்தில்கோபாலமினையே வாங்கி வந்தேன். கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை. பி6 அளவு மீறி மாதக்கணக்கில் போனால், அதுவே கை கால் நரம்பைக் கெடுக்கும். கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையின் பின்பக்கம் பி6 எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 100 என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடராதீர்கள். பி12 குறைந்தவர் ஃபோலிக் ஆசிட் மட்டும் போடுவதும் வம்பு. சோகை சரியான மாதிரி காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

முன்னேற்றம் நான் நினைத்த வரிசையில் வரவில்லை. முதலில் போனது நாக்குப் புண்ணும் அசதியும். பிறகு கால் எரிச்சல் குறைவதற்குப் பதில் கூடியது. ஊசி குத்துகிற மாதிரி சுருக் சுருக்கென்று, ராத்திரி போர்வை பட்டால் ஆகாது. மருந்தை நிறுத்தலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். டாக்டர் தொடரச் சொல்லி, எரிச்சலுக்குத் தனியாக ப்ரீகாபலின் தந்தார். அது தூக்கத்தை அள்ளிக் கொடுத்தது; பகலெல்லாம் கிறுகிறுப்பு, பைக்கைத் தொடவில்லை. எரிச்சல் அடங்கியதும் அவரே படிப்படியாக நிறுத்தினார். சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட முடிந்தது அதற்கும் பிறகுதான். நரம்பு வளர்வதே நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் என்பதால், இடுப்பிலிருந்து கால்விரல் வரை தூரத்தை நினைத்துக்கொண்டு பொறுத்தேன்.

பக்கவிளைவு என்று பார்த்தால் முகத்தில் பரு. இந்த வயசில் பருவா என்று மதினி கிண்டல் செய்தாள்.

ஒன்று முக்கியம்: பரிசோதனைக்கு முன்னால் யாராவது சொன்னார்கள் என்று ஊசி போட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் அளவு ஏறிக் காட்டும், உண்மையில் குறைவாக இருந்ததா என்பது பிடிபடாது. கால் மரத்த எல்லாருக்கும் பி12தான் காரணம் என்றும் இல்லை. தைராய்டு, குடி, முதுகுத்தண்டு என்று எத்தனையோ இருக்கிறது.

மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, வருஷம் ஒரு தடவை பி12 பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பெருவிரல் நுனி சர்க்கரையின் வேலையாக இருக்கும், அது முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அதனால் ஆனித் தேருக்கு வடம் பிடிக்க வெறுங்காலோடு போவதில்லை. நடுப்பகலில் நெல்லையப்பர் கோயில் பிராகாரக் கல்லிலும் கால் வைப்பதில்லை, சூடு பட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. சாமி கும்பிட வெயில் தாழ்ந்துதான் போகிறேன், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன்.