ரீபெயின்ட்டுக்குக் கொடுக்கும் முன் கேளுங்கள்: 1/18 மினி கூப்பர் ஒன்று பாழான விதம்

உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் டை-காஸ்ட் மாடல் கார்களுக்கு வண்ணம் மாற்றித் தருவதாகச் சொல்லும் ஓர் இடத்துக்கு, நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு அளவுள்ள 1/18 மினி கூப்பர் எஸ் ஒன்று போனது. கேட்டது 1964 மான்டி கார்லோ ராலியில் பாடி ஹாப்கிர்க் வென்ற கார்: சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை, எண் 37, நம்பர் பிளேட் 33 இஜேபி. முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு ஆறாம் நாளே பார்சலை அனுப்பிவிட்டார்கள். ஒழுங்காகக் காயவிட்டுச் செய்தால் அவ்வளவு சீக்கிரம் முடியாது.

போட்டோவில் நன்றாகத்தான் இருந்தது. கையில் எடுத்ததும் கூரை விளிம்பில் நகம் பட்டது. வெள்ளை பெயின்ட் வெங்காயத்தோல் மாதிரி சுருண்டு வந்தது. அடியில் பிரைமரே இல்லை, கறுத்த உலோகம்தான். பானெட்டில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள். கேட்டால், பழைய பெயின்ட்டை எடுக்க ராத்திரி முழுக்க காஸ்டிக் சோடாவில் போட்டோம் என்கிறார்கள்.

டை-காஸ்ட் கார்களின் உலோகம் துத்தநாகக் கலவை. காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது, துத்தநாகத்தைக் கரைத்துவிடும். வொர்க்‌ஷாப்களில் பயன்படுத்தும் பெயின்ட் ரிமூவர் ஜெல்லைத் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கணும். கண்ணாடி, பிளாஸ்டிக் பாகங்களை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, முழுக்கக் காய்ந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹால். அதற்கப்புறம் வெறும் விரல் படக்கூடாது. உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் லேசாக ஒரு கோட், அதன்மேல் சாதாரண பிரைமர்.

அடுத்த தப்பு, சிவப்பை அடித்துவிட்டு அதன்மேல் வெள்ளை அடித்தது. கூரை முழுக்க ரோஸ் நிறம் தட்டுகிறது. சிவப்பு நிறமி மேலே கசிந்து வரும். அதை மறைக்க நான்கைந்து கோட் ஏற்றியிருக்கிறார்கள். வெள்ளைதான் முதலில். ஒரு நாள் காயவிட்டு, மழைநீர் வடியும் விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப் போட்டு, டேப் ஓரத்தில் இன்னொரு முறை வெள்ளையை மெல்லியதாகத் தூவி அடைத்துவிட்டுத்தான் சிவப்பு. அப்போதுதான் கோடு கத்தி மாதிரி வரும்.

1/18இல் 0.1 மி.மீ. பெயின்ட் என்பது நிஜக் காரில் 1.8 மி.மீ. தடிமனுக்குச் சமம். அதனால்தான் இந்தக் காரில் கதவிடுக்குகள் அடைந்துபோய், திறந்த முதல் தடவையே ஓரம் பெயர்ந்தது. எண் அச்சிட்ட மெல்லிய ஸ்டிக்கரான டெகாலை பளபளப்பில்லாத பரப்பில் ஒட்டியதால் 37ஐச் சுற்றிலும் வெள்ளிப் படலம். பளபளப்பான, நிறமற்ற கிளியர் கோட் அடித்து அதன்மேல் ஒட்டியிருந்தால் காற்று சிக்கியிருக்காது.

டெலிவரிக்குப் பின் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். யாரிடம் கொடுத்தாலும் எதைப் போட்டு பெயின்ட் எடுப்பீர்கள், என்ன பிரைமர் என்று முதலில் கேளுங்கள். பிரைமர் அடித்த நிலையில் போட்டோ வாங்குங்கள், அதைப் பார்த்த பிறகு மீதிப் பணம்.

குழிகளை ஸ்ப்ரே பட்டி போட்டு, 800 வாட்டர் பேப்பரால் தேய்த்து நிரப்பிவிடலாம். பழைய மினியின் அடையாளமே கதவுக்கு வெளியே தெரியும் கீல்கள். காஸ்டிக்கில் அவை மழுங்கிப்போய்விட்டன. வார்ப்போடு வந்த அந்த நுணுக்கத்தை எந்தப் பட்டியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.