வெளிநாட்டில் இருந்துகொண்டு வருமான வரி வழக்கை ஆலோசகரிடம் ஒப்படைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வளைகுடாவில் வேலை பார்க்கும் என்னிடம், இந்தியாவில் எழுந்த வருமான வரி வழக்கை முடித்துத் தருவதாகச் சொல்லி ஓர் ஆலோசகர் செய்த மோசடியை, இதே நிலையில் இருப்பவர்களின் கவனத்துக்காக எழுதுகிறேன். காவல்துறையிடம் புகார் நிலுவையில் உள்ளதால் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை.

என்.ஆர்.இ. கணக்கிலிருந்த (வெளிநாட்டு வருமானத்தைப் போட்டுவைக்கும் இந்திய வங்கிக் கணக்கு) சம்பளச் சேமிப்பைக் கொண்டு இந்தியாவில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தேன். அங்கே வரிக்குரிய வருமானம் இல்லாததால், அந்த ஆண்டுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய அவசியம் எழவில்லை. பத்திரப்பதிவு விவரம் வரித்துறைக்குச் சென்றதும், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 148ஏ பிரிவின் கீழ், அதாவது பழைய ஆண்டின் கணக்கை மறுபடி ஆராய்வதற்கு முன் விளக்கம் கேட்டு, நோட்டீஸ் வந்தது. சம்பளச் சான்றும் வங்கிக் கணக்கு விவரமும் கொடுத்தால் தீர்ந்துவிடக்கூடிய கேள்விதான் அது. அந்தப் பதிலை அனுப்புவதற்காகவே அவரை அமர்த்தினேன்.

இந்தியக் கைபேசி எண் இங்கே இயங்காமல் ஓடிபி கிடைக்காத சிக்கல் நம்மில் பலருக்கும் உண்டு. அதைச் சரிசெய்வதாகச் சொல்லி வரித்துறை வலைத்தளத்தில் நுழைந்தவர், என் எண்ணையும் மின்னஞ்சலையும் நீக்கிவிட்டுத் தம்முடையவற்றைப் பதிந்து, கடவுச்சொல்லையும் மாற்றிக்கொண்டார். அத்தளத்தில் வெளிநாட்டு எண்ணையே பதிய முடியும் என்பதையும், கடவுச்சொல்லைத் தராமலே ஒருவரைப் பிரதிநிதியாகச் சேர்க்க வழியுண்டு என்பதையும் அவர் சொல்லவில்லை. சொன்னால் அவர் தொழில் நடக்காது.

அதன்பின் துறை அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அவருக்கே சென்றன; எதற்கும் அவர் பதில் தரவில்லை. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு 144சி பிரிவின்படி முதலில் வரைவு ஆணைதான் வரும், அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் தகராறு தீர்வுக் குழுவிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த 30 நாள் கெடுவும் எனக்குத் தெரியாமலேயே முடிந்துபோனது. முடிவில், வீட்டின் முழு விலையையும் 69ஆம் பிரிவின்படி விளக்கப்படாத முதலீடாகக் கொண்டு வரி விதித்தார்கள். அத்தகைய தொகைக்கு அப்போதிருந்த வரி 60 விழுக்காடு. கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர 78 விழுக்காடு. வட்டி தனி.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது, அதிகாரியைப் பார்த்துப் பேசிவிட்டதாகவும் விசாரணை சாதகமாகப் போவதாகவும் சொல்லி அவர் பணம் வாங்கிக்கொண்டே இருந்தார். துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது 2019 அக்டோபர் முதல் நடைமுறை; வலைத்தளத்தில் பதில் பதிவேற்றினால் ஒப்புகையும் கிடைக்கும். இந்த இரண்டில் ஒன்றைக்கூட அவரால் காட்ட முடியவில்லை.

என்.ஆர்.ஓ. கணக்கு (இந்தியாவில் கிடைக்கும் பணத்துக்காக வெளிநாடுவாழ் இந்தியர்கள் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) முடக்கப்பட்டு, வங்கியிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. அப்போதும் அவர் அசரவில்லை. மேல்முறையீட்டுக் கட்டணம் என்று வரித்தொகையில் ஒரு பங்கையும், முன்வைப்பு என்று 20 விழுக்காட்டையும் தமது கணக்குக்கே அனுப்பச் சொன்னார். ஆணையரிடம் செய்யும் மேல்முறையீட்டுக்கான கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான். 20 விழுக்காடு என்பது வசூலை நிறுத்திவைக்கக் கோருபவர்கள் வழக்கமாகச் செலுத்த வேண்டிய தொகை. அதையும் செலான் வழியாக அரசுக்குத்தான் கட்ட வேண்டும், அது வரித்துறை வலைத்தளத்தில் நம் பெயரில் தெரியும். வேறொருவரின் சொந்தக் கணக்குக்குப் போகும் வரிப்பணம் என்று ஒன்று கிடையாது.

இணைய வங்கி வழியாக உள்நுழைந்து கடவுச்சொல்லை மீட்டு, வேறொரு ஆடிட்டர் மூலம், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் மனுவுடன் மேல்முறையீடு செய்திருக்கிறேன். வரித்துறை வலைத்தளத்தில் என் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிப் பதிந்ததற்கான சான்றுகளே அந்த மனுவுக்கு ஆதாரம். தம்மை ஆடிட்டர் என்று சொல்லிக்கொண்ட அந்தப் பழைய ஆலோசகரின் பெயர் பட்டயக் கணக்காளர் சங்கத்தின் பதிவேட்டிலேயே இல்லை என்பதால், சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கை அவர்மீது பாயாது. அவருக்குக் கொடுத்த பணத்தில் இதுவரை எதுவும் திரும்பி வரவில்லை.