இரட்டைக் கதவு இரும்பு அலுமாரி: ஒரு குடும்பஸ்தனின் மதிப்புரை

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத் தளபாடக் கடைகளில் விற்கப்படும் இரட்டைக் கதவு இரும்பு அலுமாரியை, முப்பது வயதைக் கடந்த பின்னரும் தம்மை இளைஞர் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் வாங்கலாமா என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி. வாங்கி, ஒரு மாரியையும் அதனுடன் கழித்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

உயரம் ஆறடி, அகலம் மூன்றடி. ஒரு கதவில் நீளக் கண்ணாடி. உள்ளே உடுப்புத் தொங்கவிடும் கம்பி, தட்டுகள், தனிப் பூட்டுள்ள லொக்கர், அதன் கீழே ஒரு லாச்சி. தகட்டின் தடிப்பைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பதால், 22 கேஜைக் காட்டினால் 20 கேஜ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த ஞானத்தை, அதுவரை கிரிக்கெட் மட்டுமே பேசப்பட்டு வந்த எங்கள் பள்ளி வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அன்றிரவே பகிர்ந்தேன். கேலி செய்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒருவன் பிணைச்சல்கள் எத்தனை என்று கேட்டான். இன்னொருவன் துருவுக்கு என்ன பூசலாம் என்று விசாரித்தான். எங்கள் வகுப்பில் எஞ்சியிருந்த இளமை அத்துடன் முடிவுற்றது என்று கொள்ளலாம்.

இந்தப் பொருளை நான் இவ்வளவு காலம் தள்ளிப்போட்டதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. வன்னியில் வளர்ந்த என் வயதினர் பலரது வீடுகளில் முதன்மையான தளபாடம் ஒரு பைதான். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பப்பாவுக்குக் கிடைத்த காணி அனுமதிப்பத்திரம் ஆகியவை பொலித்தீனில் சுற்றப்பட்டு அதற்குள் கிடக்க, பை கதவருகே ஆணியில் தொங்கும். போரில் இடம்பெயர்ந்து 1996இல் எங்கள் குடும்பம் கிளிநொச்சியை விட்டு அக்கராயன் பக்கம் போனபோதும், 2008இல் தர்மபுரம், விசுவமடு என்று நகர்ந்தபோதும் பை கூடவே வந்தது. அப்பா முதிரைப் பலகையில் செய்வித்த அலுமாரி வரவில்லை. ஆகவே, நான்கு பேர் சேர்ந்தும் முனகிக்கொண்டு தூக்க வேண்டிய ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதென்பது, இனி எங்கும் போவதாக இல்லை என்று எழுதிக் கையொப்பமிடுவதற்குச் சமம். திருமணப் பதிவில் நடுங்காத கை, கடைக்காரரின் பற்றுச்சீட்டில் சற்று நடுங்கியது.

லான்ட்மாஸ்டரில் அது வந்திறங்கியபோது அயலவர்கள் கூடிவிட்டார்கள். "இப்பதான் தம்பி வீடு வீடு மாதிரி இருக்கு" என்றார் முன்வீட்டு மாமி. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற நாளில்கூட அவரிடமிருந்து இத்தகைய அங்கீகாரம் எனக்குக் கிடைத்ததில்லை. அம்மா லொக்கரைத் திறந்து பார்த்துத் திருப்தியடைந்து, பையை அவிழ்க்காமல் அப்படியே அதற்குள் வைத்துப் பூட்டினார். மீதி இடத்தில் மின்சாரப் பட்டியல்கள், லீசிங் பத்திரம், குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டை ஆகியவற்றை ஆண்டு வாரியாக அடுக்கியவன் நானே. யாரும் சொல்லாமல் செய்தேன் என்பதுதான் கவலைக்குரியது.

குறைகளுக்கு வருவோம். தரை சிறிது சரிந்திருந்தாலும் சட்டகம் முறுகி, கதவுகள் ஒன்றோடொன்று பொருந்த மறுக்கும். வந்து சரிசெய்து தருவதாகக் கடையில் சொன்னார்கள், இதுவரை வரவில்லை. ஒரு காலின் கீழ் மட்டையை மடித்து வைத்துப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டோம். மாரியில் ஈரம் பிடித்து அடி விளிம்பில் துரு தொடங்கியது. ஆரம்பத்திலேயே செங்கற்களின் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது. இரும்பு என்பதால் கறையானுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். அது இரும்பைத் தின்னாது, உண்மை. ஆனால் கடதாசி இருக்கும் இடத்தை நோக்கி இரும்பின் மேலேயே மண்புற்று கட்டிப் போகும். மாதமொருமுறை பின்புறத்தை டோர்ச் அடித்துப் பார்க்கிறேன்; சனிக்கிழமை மாலைகளை இவ்வாறு செலவிடுவேன் என்று இருபது வயதில் யாராவது சொல்லியிருந்தால் அவருடன் பேச்சை நிறுத்தியிருப்பேன். கண்ணாடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் நரையைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.

லொக்கருக்கு இரண்டு சாவிகள் தருகிறார்கள். இரண்டையும் ஒரே வளையத்தில் கோர்க்காதீர்கள். ஏற்றுக்கூலி விலையில் அடங்காது என்பதால் முன்கூட்டியே பேசிக்கொள்ளவும். தவணைக்கு எடுக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்தால் சற்றுக் குறைத்துத் தருகிறார்கள். நிறங்களில் வெள்ளையும் கடும் பழுப்பும் இருந்தன. மனைவி வெள்ளையைத்தான் விரும்பினார். அம்மா எதுவானாலும் சரி என்றார். சோளகக் காலத்தில் றோட்டுப் புழுதியை யார் துடைப்பது என்று கடை நடுவில் நின்று கேட்டவன் நான்.