அப்வொர்க் பணப் பாதுகாப்பு: எதுவரை நம்பலாம், எங்கே ஏமாறுவோம்

ஃப்ரீலான்ஸ் வேலைகளை இணையத்தில் தேடிப் பிடிக்க உதவும் தளம் அப்வொர்க். அதைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலானோர் சொல்லும் காரணம், செய்த வேலைக்குப் பணம் வந்துவிடும் என்பதுதான். அது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்குக் கறாரான விதிகள் உண்டு. ஒரு பட்டனை அழுத்த மறந்தாலே அது கைவிட்டுப் போகும். ஏமாற்ற வருபவர்கள் இந்த விதிகளை நன்றாகப் படித்துவிட்டே வருகிறார்கள். புதிதாகச் சேர்பவர்கள்தான் படிப்பதில்லை.

ஃபிக்ஸட் பிரைஸ், அதாவது மொத்தத் தொகை பேசிச் செய்யும் வேலையில், கிளையன்ட் பணத்தை முன்கூட்டியே எஸ்க்ரோவில் (வேலை முடியும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் கணக்கு) கட்டிவிட வேண்டும். ஆஃபரில் 500 டாலர் என்று பெரிதாகத் தெரியும். கீழே இறங்கிப் பார்த்தால் முதல் மைல்ஸ்டோனுக்கு, அதாவது வேலையின் முதல் கட்டத்துக்கு, 20 டாலர் மட்டும் கட்டியிருப்பார்கள். மீதி 480 டாலர் வெறும் வாய்ப்பேச்சு. "அவசரம், முழுசா முடிச்சுக் குடுங்க, மத்த மைல்ஸ்டோனை நாளைக்குப் போடறேன்" என்று கேட்டால், 20 டாலருக்கு உண்டான பகுதியை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். அடுத்த மைல்ஸ்டோனுக்கு நேராக 'ஃபண்டட்' என்று வந்த பிறகு தொடுங்கள்.

முடித்த ஃபைலை மெசேஜில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது பலர் செய்யும் தவறு. 'சப்மிட் ஒர்க்' பட்டன் வழியாகக் கொடுத்தால்தான் 14 நாள் கெடு ஓடத் தொடங்கும். அதற்குள் கிளையன்ட் பதிலே சொல்லாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். பிறகு 5 நாள் நிறுத்திவைப்பு, அதன்பின் கையில் கிடைக்கும். மெசேஜில் மட்டும் அனுப்பியிருந்தால் ஒரு மாதம் ஆனாலும் கெடு தொடங்கியிருக்காது.

சுரண்டும் கிளையன்ட் புகுந்து விளையாடுவது இந்த 14 நாளில்தான். பன்னிரண்டாம் நாள் 'மாற்றம் வேண்டும்' என்று ஒரு தட்டு தட்டினால் கெடு நின்றுவிடும். திரும்பச் சமர்ப்பித்தால் மறுபடி 14 நாள். லோகோவில் நிறத்தை மாற்று, பிறகு பழைய நிறமே போதும், பிறகு விசிட்டிங் கார்டும் சேர்த்துக் கொடு என்று இழுப்பார்கள். ஒப்பந்தம் போடும் முன்பே மெசேஜில் எழுதி வாங்கிவிடுங்கள்: "ஒரு லோகோ, இரண்டு திருத்தம், பிஎன்ஜி, எஸ்விஜி ஃபைல்கள். இதற்கு மேல் புதிய மைல்ஸ்டோன்." தகராறு வந்தால் அந்த வரிதான் உங்களுக்குச் சாட்சி. 'கூடுதலாகச் செய்யாவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன்' என்று மிரட்டுவது தளத்தின் விதிப்படியே குற்றம். பதில் வாதம் வேண்டாம், அந்த மெசேஜோடு புகார் செய்யுங்கள்.

கிளையன்ட் ஒப்பந்தத்தை முடித்து எஸ்க்ரோ பணத்தைத் திரும்பக் கேட்டால் 7 நாளுக்குள் மறுத்தாக வேண்டும். மெயிலைப் பார்க்காமல் விட்டால் பணம் அவருக்கே போய்விடும். மறுத்தால் முதலில் சமரசப் பேச்சு. அது தோற்றால் நடுவர் விசாரணை. அதற்கு இரு தரப்பும் தலா சில நூறு டாலர் கட்ட வேண்டும் என்பதால் 100 டாலர் வேலைக்கு அந்த வழி பயன்படாது. இந்தச் சேவையில் பெரிய குறை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். சின்னத் தொகைக்கு வேலை செய்பவருக்குத்தான் கடைசிக் கதவு மூடிக் கிடக்கிறது.

மணிக்கணக்கு வேலைக்குப் பாதுகாப்பு இன்னும் வலுவானது. வேலை நேரத்தைப் பதிவு செய்யும் அப்வொர்க்கின் டெஸ்க்டாப் டிராக்கரை ஓடவிட்டால் 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். என்ன வேலை என்ற குறிப்பு எழுதி, கீபோர்டு, மவுஸ் அசைவும் போதுமான அளவு இருந்து, ஒப்பந்தத்தில் குறித்த வார நேர வரம்பையும் தாண்டாமல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. கையால் பதிவு செய்யும் நேரத்துக்குக் கிடையாது. "டிராக்கர் எதுக்கு, மேனுவலா போட்டுக்கோங்க, நான் அப்ரூவ் பண்றேன்" என்று இனிமையாகச் சொல்பவரிடம் கூடுதல் கவனம் தேவை. வாரக் கணக்கு நம் நேரப்படி திங்கள் காலை 5:30க்கு முடியும். அன்று மாலை 5:30 வரை குறிப்புகளைத் திருத்தலாம். பணம் அடுத்த வாரப் புதன்கிழமை வரும்.

'பேமென்ட் வெரிஃபைட்' முத்திரையைப் பலர் நற்சான்றிதழ் போல எடுத்துக்கொள்கிறார்கள். பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. திருடப்பட்ட கணக்குகளும் உண்டு. ஆறு வருடம் ஆர்க்கிடெக்ட் வரைபடம் மட்டும் கேட்ட ஒருவர் திடீரென்று டைப்பிங் வேலை போட்டால், பக்கத்தைக் கீழே தள்ளிப் பழைய ஃப்ரீலான்ஸர்கள் எழுதிய விமர்சனங்களைப் படியுங்கள்.

அந்த டைப்பிங் வேலை பெரும்பாலும் இப்படி வரும்: "120 பக்க பிடிஎஃப்பை வேர்டில் அடிக்க வேண்டும். 1,500 டாலர். மேனேஜரை டெலிகிராமில் தொடர்புகொள்ளவும்." கணக்குப் போடுங்கள். பக்கத்துக்கு 20 நிமிடம் என்றால் மொத்தம் 40 மணி நேரம். மென்பொருள் சில நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு மணிக்கு 37 டாலர் யார் தருவார்? டெலிகிராமுக்குப் போனதும் ஃபைலை வாங்கிக்கொள்வார்கள். சம்பளத்தை விடுவிக்க முதலில் ஒரு கட்டணம், பிறகு வரி, பிறகு டெபாசிட் என்று கேட்பார்கள். ஒப்பந்தத்துக்கு முன் வெளியே தொடர்புகொள்வது விதிமீறல் என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பாருங்கள். நேர்மையான கிளையன்ட் மெசேஜிலேயே தொடர்வார்.

புரோகிராமர்களுக்கு வேறு வலை. 'இன்டர்வியூ டெஸ்ட்' என்று ஒரு கோட் ரெப்போவை (புரோகிராம் ஃபைல்களின் தொகுப்பு) அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அதற்குத் தேவையான துணை ஃபைல்களை நிறுவும் 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளையைக் கொடுத்த மறுகணம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டும் கிரிப்டோ வாலட்டும் பறிபோகலாம். தனி விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் பிரித்துவைத்த இன்னொரு கணினி) இல்லாமல் ஓட்டாதீர்கள். மாதம் ஒரு தொகை தருகிறோம், உங்கள் கணக்கை எனிடெஸ்க்கில் (தூரத்திலிருந்து கணினியை இயக்கும் செயலி) திறந்துவிடுங்கள் என்பவர்களுக்கு ஒரே பதில் பிளாக்தான். கணக்கு நிரந்தரமாக மூடப்படும், அதில் நடந்த மோசடிக்கும் உங்கள் பெயர்தான் நிற்கும்.

பாதுகாப்பு எஸ்க்ரோவுக்குள்ளும் டிராக்கருக்குள்ளும் மட்டும்தான். அதற்குள் நிற்கத் தெரிந்தவருக்கு, கமிஷன் போனாலும் அப்வொர்க் நல்ல இடமே. வெளியே யாருக்காவது யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள். வங்கி அந்தத் தொகையை நிறுத்திவைக்க வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். டெலிகிராம் உரையாடலை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், எதிர்முனையில் இருப்பவரும் அதை அழித்துவிட முடியும்.