லாஸ்பேட்டை: வீடு வாங்கிக் குடியேறியவனின் மூன்றரை நட்சத்திரம்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி எங்கள் வீட்டு ஸ்பேர் சிலிண்டர் சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தானாக வந்தது. காலி சிலிண்டர் மிதக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கட்டில்மேல் உட்கார்ந்திருந்த அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாருடா அது?" என்றார்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. புதுச்சேரி கிருஷ்ணா நகரில் கீழ்வீட்டில் ஆறு வருஷமாக வாடகைக்கு இருந்தோம். ஒரே நாளில் 46 செ.மீ. மழை. விடிவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்களும் நானுமாக அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மேலே ஏற்றினோம். ஞாயிறு காலையில் ராணுவப் படகு தெருவுக்குள் வந்தபோது என் மகள் மொட்டைமாடியிலிருந்து கையாட்டினாள், குடியரசு தின ஊர்வலம் பார்ப்பதுபோல.

கிருஷ்ணா நகரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. காய்கறி, டாக்டர், ட்யூஷன் எல்லாம் நடக்கிற தூரம். மாடி வீடாக இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்போம். ஆனால் ரெயின்போ நகர், வெங்கட்டா நகர், பாவாணர் நகர், பூமியான்பேட்டை என்று ஒவ்வொரு மழைக்கும் செய்தியில் வருகிற பெயர்களில் எங்கள் நகரும் ஒன்று. சொந்த வீடு வாங்கும்போது முதலில் இடம், அப்புறம்தான் வீடு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். வீட்டில் பழுது என்றால் கொத்தனாரைக் கூப்பிடலாம். தெரு பள்ளத்தில் இருந்தால் யாரைக் கூப்பிடுவது? அதனால் இந்த விமர்சனம் வீட்டைப் பற்றியது இல்லை, கடைசியில் நாங்கள் குடியேறிய லாஸ்பேட்டையைப் பற்றியது.

ஓட்டுப் போட எங்கள் வீட்டில் நாலு பேர். எனக்கு நெல்லித்தோப்பில் ஆபீஸ். மனைவிக்குக் காலாப்பட்டுப் பக்கம் பள்ளிக்கூட வேலை. மகள் ஏழாம் வகுப்பு. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், கைத்தடி.

மனைவியின் முதல் ஆசை கடலூர். அவள் பிறந்த வீடு திருப்பாப்புலியூர் (போர்டில் மட்டும்தான் அது திருப்பாதிரிப்புலியூர்). மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு பார்த்தோம். அகலமான தெரு, பக்கத்தில் பெரிய மைதானம், வண்டி எடுத்தால் சீக்கிரம் தேவனாம்பட்டினம் கடற்கரை. புதுச்சேரியில் கேட்கிற காசுக்கு அங்கே இன்னொரு அறையும் ஒரு முருங்கை மரமும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அவள் தினமும் தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி ஊருக்குள் வந்து, மறுபடி வடக்கே காலாப்பட்டுக்குப் போக வேண்டும். போதாக்குறைக்கு ஒரு பக்கம் கெடிலம், ஒரு பக்கம் தென்பெண்ணை. அதே ஃபெஞ்சல் சமயத்தில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததை என் மாமியாரே நினைவுபடுத்தினார்: "மாப்ளே, தண்ணிக்குப் பயந்து தண்ணிக்கே வரீங்களே!" கடலூர் முடிந்தது. மனைவி ரெண்டு நாள் பேசவில்லை.

அப்புறம் வந்தார் தரகர். "கோரிமேட்டுக்குப் பக்கத்துலயே சார், அஞ்சே நிமிஷம். ஜிப்மர் நடந்து போயிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் சென்ட் கணக்கில் விலை சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. புதுச்சேரிக்காரர்கள் மனையைக் குழியில்தான் பேசுவார்கள், ஒரு குழி 576 சதுர அடி. சென்ட் என்றால் 435.6 சதுர அடி, அது எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. இறங்கிப் பார்த்தால் பட்டானூர், தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இந்த ஊரில் ஒரு தெரு திரும்பினால் மாநிலம் மாறிவிடும், வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பட்டானூரில் குடியிருப்பது தப்பில்லை, என் நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரேஷன் கார்டு, மின் கட்டணம், பத்திரப்பதிவு எல்லாம் வேறு. முக்கியமாக, பிள்ளை பிளஸ் டூ முடித்து, புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழுவான சென்டாக்கில் விண்ணப்பிக்கும்போது புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். ஏழாம் வகுப்புப் பெண்ணை வைத்துக்கொண்டு அந்த விஷப்பரீட்சை எதற்கு? "அட்ரஸ் எல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார் தரகர். அதோடு அவர் எண்ணை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

ரெட்டியார்பாளையம் எனக்குப் பிடித்திருந்தது. விழுப்புரம் ரோட்டில் எந்நேரமும் பஸ், தெருவுக்குத் தெரு கடை. வீடும் புதுசு. அங்கேதான் அம்மா மூக்கைச் சுளித்து, "பாத்ரூம்ல வாடை அடிக்குது" என்றார். 2024 ஜூனில் அதே ரெட்டியார்பாளையத்தில், புதுநகரில், பாதாளச் சாக்கடை விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பேர் இறந்தது ஊருக்கே தெரியும். அதனால் தெரிந்த பிளம்பர் ஒருவரைக் கூட்டிப்போனோம். அவர் ஒவ்வொரு ஜல்லடை மூடியையும் தூக்கிப் பார்த்தார். அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் வாயுவுக்குக் கதவு. ஒரு பாத்ரூமில் அந்த வளைவே இல்லை, நேர்க்குழாய். "மாத்திக் கொடுத்துடறேன்" என்று வீட்டுக்காரர் சொன்னார், நல்ல மனிதர்தான். எங்களுக்குச் சரிப்பட்டு வராததற்குக் காரணம் வேறு. தெருமுனையிலேயே ஒயின்ஷாப். புதுச்சேரியில் கடற்கரை எவ்வளவு தூரம் என்று டூரிஸ்ட் கேட்பான், ஒயின்ஷாப் எவ்வளவு தூரம் என்று பெண்ணைப் பெற்றவன் கேட்பான். இரண்டு பேர் கேட்பதும் வேறு வேறு காரணத்துக்காக. மகள் ட்யூஷன் முடித்துச் சைக்கிளில் திரும்புகிற ஏழரை மணிக்கு நான் அந்த முனையில் நின்று பார்த்தேன், பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

சரி, லாஸ்பேட்டை.

மேட்டு நிலம் என்று எல்லோரும் சொன்னார்கள். விமான நிலையத்தையே அங்கேதான் கட்டியிருக்கிறார்கள், மேடாகத்தானே இருக்கும் என்று நானும் நினைத்தேன். போய்ப் பார்த்தால் லாஸ்பேட்டையிலும் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இல்லை. நாங்கள் முதலில் பார்த்த தெருவில் புது வீடுகள் எல்லாம் ஐந்து படி ஏறித்தான் உள்ளே போகிறமாதிரி கட்டியிருந்தார்கள். பழைய சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. கிருஷ்ணா நகர்க்காரனுக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியும். அடுத்தடுத்த இரண்டு தெரு தள்ளி ரோடு லேசாக ஏறுகிறது. அங்கே மின்சார மீட்டர் பெட்டிகள் பழைய உயரத்திலேயே, நெஞ்சு மட்டத்தில், துரு ஏறிக் கிடந்தன. யாருக்கும் அதை மேலே தூக்கி மாட்டவேண்டிய அவசியம் வந்ததில்லை.

அந்தத் தெருமுனையில் ஓர் இஸ்திரி வண்டி. ரெண்டு சட்டை கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். "புயல் அன்னிக்கு வண்டிய எங்க நிறுத்தினீங்க அண்ணே?"

"இங்கயேதான். நகத்தவே இல்லயே. கரிதான் நமுத்துப் போச்சு."

இதைவிட எனக்கு என்ன சான்று வேண்டும்? பிபிஏ (திட்டக் குழுமம்) அப்ரூவல், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீல் பார்த்தார். அவருக்கு ஃபீஸ் கொடுத்தேன். இஸ்திரிக்காரருக்கு இருபது ரூபாய்.

அவசரப்படவில்லை. காலை எட்டரைக்கு ஒருமுறை, சனிக்கிழமை ராத்திரி ஒருமுறை, ஞாயிறு மத்தியானம் ஒருமுறை போய் நின்றோம். கடைசியாக அம்மாவைக் கூட்டிப்போய், பாண்லே பூத்துக்கு நடந்து பால் வாங்கி வரச் சொன்னோம். நாங்கள் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போனோம். நடைபாதை கிடையாது, ரோட்டோரம்தான். பாதி வழியில் மூச்சு வாங்க ஒரு வீட்டு வாசல் படியில் உட்கார்ந்தார். அந்த வீட்டுப் பெண்மணி விரட்டுவார் என்று பார்த்தால் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். பத்து நிமிஷத்தில் இருவரும் மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவின் ஓட்டு அங்கேயே விழுந்தது.

இரண்டு குழிக்குக் கொஞ்சம் கூட மனை, பதினெட்டு வருஷப் பழைய வீடு. விலையைச் சொல்ல மாட்டேன், என் மைத்துனன் இதைப் படிப்பான். 2025 ஆவணியில் பால் காய்ச்சினோம். ஒரு மழைக்காலம் முழுசாகப் பார்த்துவிட்டதால் இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

நல்லதில் முதல் இடம் ஹெலிபேட் மைதானத்துக்கு. விடியற்காலை ஐந்தரைக்கு இருட்டோடு போனாலும் உங்களுக்கு முன்னால் நூறு பேர் நடந்துகொண்டிருப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய தாத்தாக்கள், போலீஸ் வேலைக்கு ஓட்டப் பயிற்சி எடுக்கும் பையன்கள், முருங்கைக்கீரை சூப் விற்பவர். அம்மா மண் தரையில் ஒரு சுற்று நடக்கிறார், சிமென்ட்டைவிடக் கால் வலி குறைவாம். ஜிப்மர் பக்கம்தான் என்பதால் மூட்டு டாக்டரைப் பார்க்கக் காலை ஆறு மணிக்கே போய் வரிசையில் நிற்பதும் சுலபம். மகள் சைக்கிளில் பத்து நிமிஷத்தில் பள்ளிக்கூடம் போகிறாள். வேன் காசு மிச்சம்.

விமானச் சத்தம் எப்படி என்று பலர் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில்தான் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி விமானம் ஆரம்பித்தார்கள், றெக்கையில் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். பஸ் ஹாரனைவிடத் தேவலை. விருந்தாளிக் குழந்தைகள் மொட்டைமாடிக்கு ஓடுவார்கள், நாங்கள் தலைதூக்குவதுகூட இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: விமான நிலையத்தை ஒட்டி மாடிமேல் மாடி எழுப்ப நினைத்தால் உயரக் கட்டுப்பாடு உண்டு, தடையின்மைச் சான்று கேட்பார்கள். 'பின்னாடி ரெண்டு மாடி போட்டு வாடகைக்கு விடலாம்' என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் முதலில் விசாரித்துவிடுங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். காலை எட்டரை மணி. தாகூர் கலைக் கல்லூரியில் தொடங்கி அந்த ரோட்டில் வரிசையாகக் கல்லூரி, பாலிடெக்னிக், பள்ளிக்கூடம். அந்த நேரத்தில் ரோட்டைக் கடப்பது அம்மா வயதுக்காரர்களுக்கு முடியாத காரியம். கொக்கு பார்க் சிக்னலில் நான் தினமும் இரண்டு சிவப்பு காத்திருக்கிறேன், சனிக்கிழமை சாயந்திரம் ஈசிஆரில் சென்னைக் கார்கள் வந்துவிட்டால் மூன்று. ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஷேர் டெம்போ குறைந்துவிடும், ஆட்டோக்காரர் வாயில் வருவதுதான் மீட்டர். போர்வெல்லில் உப்பு இல்லை, ஆனால் கடினத் தண்ணீர், வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் ஒன்று எங்கள் தெருவில் நாலு மாதம் வாயைத் திறந்துகொண்டே கிடந்தது. அதற்குள் விழுந்தது ஒரு நாய், ஒரு பால் வண்டி, அப்புறம் நான்.

நாய்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் வாலாட்டுகிற அதே நாய் ராத்திரி பதினொன்றுக்கு உங்களை முன்பின் பார்த்ததே இல்லை என்னும். ஷிஃப்ட் வேலைக்காரர்கள் பிஸ்கட் பாக்கெட்டோடு வருவது நல்லது.

மகளுக்கு ஒரே வருத்தம், கடற்கரை. கிருஷ்ணா நகரிலிருந்து நினைத்தால் போய்விடுவோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள், எங்கேயோ நிறுத்திவிட்டு அம்மாவை நடத்திக் கூட்டிப்போவதற்குள் காந்தி சிலையே இறங்கி வந்துவிடலாம் போலிருக்கும்.

நட்சத்திரம் எத்தனை என்று வீட்டில் கேட்டேன். அம்மா ஐந்து. நான் நாலு. மனைவி மூன்று, "என் அம்மா வீட்டுக்குப் போக இப்ப இன்னும் தூரம்." மகள் இரண்டு. பழைய தோழிகள் எல்லாரும் கிருஷ்ணா நகரிலேயே இருக்கிறார்கள், அவளோடு வாதம் செய்ய முடியவில்லை. கூட்டி வகுத்தால் மூன்றரை. அதைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன்.

போன அக்டோபரில் ஒரு ராத்திரி இடியோடு ஊற்றியது. இரண்டு மணிக்கு எழுந்து குடையும் டார்ச்சுமாக வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரரும் நின்றுகொண்டிருந்தார், அவர் முன்பு பூமியான்பேட்டையில் இருந்தவர். இருவரும் ஒன்றும் பேசவில்லை, ரோட்டையே பார்த்தோம். தண்ணீர் வாய்க்கால் பக்கம் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்டு முக்கால் மணி நேரத்தில் தார் ரோடு தெரிந்தது. "சரி, தூங்கலாம்" என்றார் அவர்.

உள்ளே வந்து பார்த்தால், சமையலறை ஸ்பேர் சிலிண்டரை மனைவி தூக்கிக் கட்டில்மேல் வைத்திருந்தாள். நான் படுக்கிற பக்கத்தில்.