சுரங்க ஜியோடெக்னிக்கல் முதுநிலைப் படிப்பு: குவாரி வேலையில் இருப்பவர் பணம் கட்டலாமா?

காட்பாடி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் குவாரிகளில் மேலாளர், ஃபோர்மேன் வேலை பார்ப்பவர்கள், வேலையை விடாமலே சேரக்கூடிய படிப்பு இது. பாறையும் மண்ணும் எவ்வளவு தாங்கும், எப்போது சரியும் என்று கணக்கிடக் கற்றுத்தருவது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சுரங்கத் தொழிலில் இருப்பவர்களுக்கென்றே இணையவழியில் நடத்துகின்றன. பெரும்பாலும் நான்கு பாடம் முடித்தால் சான்றிதழ், எட்டு முடித்தால் டிப்ளமோ, அதற்கு மேலே பட்டம். எங்கள் கணிப்பு: சான்றிதழ் வரைக்கும் கொடுக்கிற காசு வீண்போகாது. அதைத் தாண்டிப் போவது, நிலத்தடிச் சுரங்கத்துக்கோ வெளிநாட்டுக்கோ மாற நினைப்பவருக்குத்தான் பொருந்தும்.

சேருமுன் ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் தரும் மேலாளர், ஃபோர்மேன், மேட் தகுதிச் சான்றிதழ்களுக்கு இந்தப் படிப்பு மாற்று ஆகாது. அந்தத் தேர்வு எழுதாதவர் முதலில் அதை முடிப்பதே சரி.

படிப்பில் கொடுத்த பணத்துக்கு மேலேயே திரும்பக் கிடைக்கும் இடம், பாறைச் சரிவுப் பாடம். வேலூர் வட்டாரத்தில் கிடைப்பது பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் என்ற கடினப் பாறைகள். சார்னோக்கைட்டை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தால் 100 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். ‘இவ்வளவு உறுதியான கல், சரியாது’ என்ற நம்பிக்கை இங்கே பலருக்கு உண்டு. 6 மீட்டர் பெஞ்சின் (குவாரியில் படிபோல் வெட்டும் அடுக்கின்) அடியில் கல்லின் சொந்த எடையால் வரும் அழுத்தம் சுமார் 0.16 மெகாபாஸ்கல்தான். அந்த எடைக்கு முழுக்கல் ஒருபோதும் உடையாது. சரிவது விரிசல் வழியாக. விரிசல் எந்தத் திசையில், எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. முகப்பின் (வெட்டிய பாறைச் சுவரின்) சாய்வைவிடக் குறைவாகவும், உராய்வுக் கோணத்தைவிட (பாறைமேல் பாறை வழுக்கத் தொடங்கும் சாய்வைவிட) அதிகமாகவும் அந்த விரிசல் சாய்ந்து, அதன் திசை முகப்பின் திசையோடு ஏறக்குறைய 20 பாகைக்குள் ஒத்துப்போனால், விரிசலுக்கு மேலே உள்ள பாறைப் பலகை வழுக்கி வரத் தயாராக இருக்கிறது என்று பொருள். இரண்டு விரிசல் சேர்ந்து ஆப்பு போல வருவதும், பின்சாய்ந்த விரிசலில் கல் கவிழ்வதும் இதே பாடத்தில் வருகின்றன.

இதே காரணத்தால்தான் ஆர்.எம்.ஆர். மதிப்பெண்ணை (பாறையின் தரத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று போடுவது) மட்டும் நம்ப வேண்டாம் என்கிறோம். 1973-ல் பீனியாவ்ஸ்கி கொண்டுவந்த முறை அது. சுரங்கப் பாதைக்கு அருமையானது. குவாரி முகப்பிலோ மதிப்பெண் 75 வந்தாலும், தவறான திசையில் ஒரே ஒரு நீண்ட விரிசல் போதும், பெஞ்ச் இறங்கிவிடும். விரிசலின் திசையைக் கணக்கில் சேர்த்து 1985-ல் ரொமானா தந்த எஸ்.எம்.ஆர். திருத்தத்தைப் பாடத்திட்டம் நிதானமாக நடத்துகிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போனால் நம் ஊர்க் குவாரிக்கு அது உதவாது.

அடுத்தது தண்ணீர். பெஞ்சுக்குப் பின்னால் உள்ள செங்குத்து விரிசல் 6 மீட்டர் ஆழத்துக்கு மழைநீரால் நிறைந்தால், ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 18 டன் தள்ளுவிசை. நீர்மட்டத்தைப் பாதியாக இறக்கினால் விசை பாதியாவதில்லை, கால்பங்காகிறது: 4.5 டன். ஐப்பசி மழைக்கு முன்னால் மேல்விளிம்பில் ஒரு வாய்க்கால் வெட்டி, முகப்பில் வடிகால் துளை போட்டுவைப்பதன் அருமை இந்த ஒரு கணக்கிலேயே விளங்கும். 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் கடினப் பாறைக்கு 6 மீட்டர், மண், மொரம் போன்றவற்றுக்கு 1.5 மீட்டர் என்று பெஞ்ச் உயரத்துக்கு வரம்பு வைத்திருப்பதும், அதில் தளர்வு கேட்பவர் என்னென்ன தரவு காட்ட வேண்டியிருக்கும் என்பதும் இதற்குப் பிறகு புரியும்.

நிலத்தடியில் கூரையைத் தாங்க விடும் நிலக்கரித் தூண் வடிவமைப்பு, ஆழ்சுரங்கத்தில் அழுத்தத்தால் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவது (ராக்பர்ஸ்ட்) பற்றிய பாடங்கள் தரமானவைதான். திறந்தவெளிக் குவாரியில் அவற்றுக்கு வேலை இல்லை.

குறை, சரிவைக் கணக்கிடும் மென்பொருளில் இருக்கிறது. மாணவர் உரிமம் படிப்போடு முடிந்துவிடுவது வழக்கம். வணிக உரிமம் சிறு குவாரிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஸ்டீரியோநெட்டில் (விரிசல்களின் திசையையும் சாய்வையும் புள்ளியாகக் குறிக்கும் வட்ட வலைத்தாளில்) டிரேசிங் தாள் வைத்துக் கையால் புள்ளியிடப் பழகிவிடுவது நல்லது. ஒரு முகப்புக்கு 150 விரிசலாவது அளந்தால்தான் ஒரே திசையில் போகும் விரிசல் கூட்டங்கள் தெளிவாகப் பிரியும். காம்பஸ் பிடிக்கும்போது பொக்லைன் பக்கத்தில் நிற்கக் கூடாது. கருப்புக் கல்லிலும் சார்னோக்கைட்டிலும் மேக்னடைட் இருப்பதால், காம்பஸைப் பாறைமேல் வைக்காமல் சற்று விலகி நின்று இரண்டு முறை பாருங்கள். வெடி வைத்த மறுநாள் அளப்பவர்கள் வெடியால் வந்த புது விரிசலையும் இயற்கை விரிசலோடு சேர்த்து எழுதிவிடுகிறார்கள். பிறகு கணக்கு முழுதும் கோணல். புது விரிசலில் கறையோ படிவோ இருக்காது, அதை வைத்துப் பிரிக்கலாம்.

ஒரு பாடத்துக்கு ஏறக்குறைய 150 மணி நேரம் ஒதுக்க வேண்டும். பன்னிரண்டு வாரம் என்றால் வாரம் 12 மணிக்கு மேல். தினமும் குவாரிக்குப் போய் வருபவர் ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். தாங்குமா என்று சோதிக்க, என்.பி.டெல்-லில் (ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இணையப் பாடத் தளத்தில்) பாறை இயக்கவியல் பாடம் ஒன்றை இலவசமாகப் பதிந்து பாருங்கள். வாராந்திரப் பயிற்சிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75 மதிப்பெண். தேர்வு எழுதி சான்றிதழ் பெற மட்டும் கட்டணம். பன்னிரண்டு வாரமும் பயிற்சியை விடாமல் அனுப்ப முடிந்தவர் தைரியமாகப் பெரிய படிப்புக்குப் பணம் கட்டலாம்.

செய்முறைக் கட்டுரைக்கு உங்கள் குவாரியின் தரவையே பயன்படுத்த அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளியின் சம்மதமும் வேண்டும். கட்டுரை அனுப்பும் கெடு அங்கத்திய நேரப்படி இருக்கும். பெர்த் நேரம் இரவு 11:59 என்றால் வேலூரில் இரவு 9:29. சிட்னி என்றால் மாலை 7:29. அங்கே கோடை நேரம் தொடங்கும் அக்டோபரிலிருந்து 6:29.